எல்.டி.சி.: டெக்சஸில் கைத்துப்பாக்கி உரிமம் வாங்கும் வழி

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிறைந்த, சட்டத் தடை எதுவும் இல்லாத ஒருவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாம். அப்படியிருக்க, 40 டாலர் கட்டி, கைரேகை கொடுத்து, வகுப்பில் உட்கார்ந்து, 50 தோட்டா சுட்டுக் காட்டி எல்.டி.சி. எனப்படும் 'லைசென்ஸ் டு கேரி' எதற்கு?

பள்ளிக்கூடங்களுக்காக. 1990இல் வந்த ஃபெடரல் சட்டம் ஒன்று பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. தோட்டா நீக்கிப் பூட்டிய பெட்டியில் வைத்திருந்தால் விலக்கு. தனியார் இடத்துக்குள் இருந்தால் விலக்கு. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த உரிமம் இருந்தாலும் விலக்கு. 'உரிமமே வேண்டாம்' என்று டெக்சஸ் சொன்னது அந்த மூன்றாவது விலக்கைத் தராது. ஃபிரிஸ்கோவிலோ கேட்டியிலோ வீட்டிலிருந்து பட்டேல் பிரதர்ஸ் மளிகைக் கடைக்குப் போய்வர எத்தனை பள்ளிகளைக் கடக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எல்.டி.சி. அட்டை இல்லாமல் தோட்டா நிரப்பிய துப்பாக்கியுடன் ஓட்டினால் ஒவ்வொரு பள்ளியும் ஒரு ஃபெடரல் குற்றம்.

வேறு பயன்களும் உண்டு. அரசுப் பல்கலைக்கழக வளாகத்தில் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் கட்டாயம். நியூ மெக்சிகோ போகும்போது டெக்சஸ் அட்டை அங்கே செல்லும், அட்டையில்லாத வெளிமாநிலத்தவர் அங்கே மறைத்து வைத்திருக்க முடியாது. கடையில் துப்பாக்கி வாங்கும்போது 4473 படிவம் நிரப்பத்தான் வேண்டும், ஆனால் தொலைபேசிப் பின்னணிச் சோதனைக்குப் பதிலாக அட்டையையே ஏற்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே கொண்டுபோகக் கூடாது என்பதை ஒரு நாளாவது உட்கார்ந்து படிக்க வைக்கிறது. அதற்காகவே இதை வாங்கச் சொல்கிறோம்.

முதலில் விசாவைப் பாருங்கள்

நம்மவர்கள் பலர் தெரியாமலே மாட்டிக்கொள்ளும் இடம் இது, அதனால் விண்ணப்பத்துக்கு முன்னால் வைக்கிறோம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 போன்ற தற்காலிக விசாவில் நாட்டுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் சட்டப்படி குற்றம். சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல. வாரக் கடைசியில் நண்பர்களோடு ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சி இடத்துக்கு) போய், வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பத்துத் தோட்டா சுடுவதும் 'வைத்திருப்பது' என்ற கணக்கில்தான் வரும். ஆறு மாதம் தங்கிப்போக வந்திருக்கும் அப்பாவை ஆசைக்கு ஒரு ரவுண்டு சுட வைப்பதும் அதே கணக்குதான். கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 போட்டுவிட்டுக் காத்திருப்பதோ, வேலை அனுமதி அட்டை கையில் இருப்பதோ கிரீன் கார்டு ஆகாது.

இதற்கு உள்ள விதிவிலக்குகளில் சாமானியர்களுக்கு எட்டக்கூடியது செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை விலகும். அது காலாவதியான மறுநாளே தடை திரும்பிவிடும். இந்த வழியில் எல்.டி.சி.க்குப் போக நினைப்பவர் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டுப் போகட்டும். தண்டனை 15 ஆண்டு வரை போகலாம் என்பது ஒரு பக்கம். துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்துவதற்குத் தனிக் காரணமாகவே குடியேற்றச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது, கிரீன் கார்டுக்காரரையும் அது விடாது.

வீட்டில் ஒருவர் குடியுரிமை பெற்றவர், மற்றவர் எச்-4 அல்லது விருந்தாளியாக வந்த பெற்றோர் என்றால் துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். அதன் சாவியோ எண்ணோ மற்றவருக்குத் தெரியக்கூடாது. 'எனக்கு ஏதாவது ஆனால் திறந்துகொள்ளட்டும்' என்று எண்ணைச் சொல்லி வைப்பது அவரையும் 'வைத்திருப்பவர்' ஆக்கிவிடும்.

தகுதி

குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ ஆனபின் பார்க்க வேண்டியவை: சட்டத்தில் எழுதியுள்ள வயது 21, ராணுவத்தில் இருப்பவருக்கு 18. பெருங்குற்றத் தண்டனை இருக்கக் கூடாது. ஏ அல்லது பி வகைச் சிறுகுற்றமோ (சிறுகுற்றங்களில் கடுமையான இரு வகைகள்), பொது ஒழுங்கைக் கெடுத்த குற்றமோ கடந்த 5 ஆண்டுக்குள் இருக்கக் கூடாது. குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு முதல் முறையே பெரும்பாலும் பி வகை, அதனால் அது 5 ஆண்டைத் தின்றுவிடும். மதுவோ போதைப்பொருளோ தொடர்பான அப்படிப்பட்ட தண்டனை 10 ஆண்டுக்குள் இரண்டு என்றால் 'போதைக்கு அடிமை' என்ற பட்டியலில் சேர்ப்பார்கள். நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை மேலே இருந்தால் கிடையாது. பிள்ளைப் பராமரிப்புத் தொகை பாக்கி, மாநில வரி பாக்கி இருந்தாலும் கிடையாது. குடும்ப வன்முறையில் சிறுகுற்றத் தண்டனை பெற்றவருக்கு ஃபெடரல் சட்டத்திலேயே கதவு மூடியிருக்கிறது.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது 'டெஃபர்டு அட்ஜூடிகேஷன்'. நீதிபதி தீர்ப்பை ஒத்திவைத்து, நன்னடத்தைக் காலம் முடிந்ததும் வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவார். 'தண்டனையே இல்லை' என்று வழக்கறிஞரும் சொல்லியிருப்பார். வேலை விண்ணப்பத்தில் அது சரியாக இருக்கலாம். எல்.டி.சி. சட்டத்தில் அந்த ஆணையும் தண்டனை என்றே எண்ணப்படும். 10 ஆண்டு கடந்த, கடும் பட்டியலில் இல்லாத வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே படிவத்தில் கேட்டால் எழுதிவிடுங்கள். எப்படியும் கைரேகையில் வந்துவிடும், மறைத்தது தெரிந்தால் அதுவே தனிக் குற்றம்.

கஞ்சா விஷயமும் இப்படித்தான். கொலராடோவில் கடையில் விற்கிறார்கள் என்பதோ, வேறு மாநில மருத்துவ அட்டை இருக்கிறது என்பதோ 4473 படிவத்துக்குத் தெரியாது. அந்தக் கேள்வியோடு சேர்த்தே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள்.

விண்ணப்பமும் பெயர்ச் சிக்கலும்

விண்ணப்பம் டெக்சஸ் பொதுப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில். எல்லோரும் சுருக்கமாக டி.பி.எஸ். என்பார்கள். ஓட்டுநர் உரிம எண், சமூகப் பாதுகாப்பு எண், கடைசி 5 ஆண்டு குடியிருந்த முகவரிகள், அதே 5 ஆண்டு வேலை விவரம், குற்ற, மனநல, போதை வரலாறு ஆகியவற்றைக் கேட்கும். அடுக்ககம் அடுக்ககமாக மாறி வந்தவர்கள் பழைய குத்தகைப் பத்திரங்களை முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளுங்கள். மாதம் தவறினாலும் பரவாயில்லை, ஒரு முகவரியே விடுபட்டால் கேள்வி வரும். கட்டணம் 40 டாலர், நிராகரித்தால் திரும்பாது. டெக்சஸ் ஓட்டுநர் உரிமம் இருந்தால் அதிலுள்ள படத்தையே எடுத்துக்கொள்வார்கள்.

தமிழர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நம் பெயர் ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பாஸ்போர்ட்டில் முன்பெயர் இடம் காலி, முழுப் பெயரும் குடும்பப் பெயர் இடத்தில். விசாவில் அதனால் 'எஃப்.என்.யு.' (முன்பெயர் தெரியாது) என்று அச்சாகியிருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் பின்னால், வங்கியில் முன்னெழுத்து மட்டும். இந்த விண்ணப்பத்துக்கு ஓட்டுநர் உரிமத்தில் உள்ள எழுத்துகளையே அடிப்படையாக வையுங்கள். கைரேகைப் பதிவு, பயிற்சிச் சான்றிதழ், விண்ணப்பம் மூன்றிலும் அதே பெயர், அதே வரிசை, அதே இடைவெளி. பயிற்சியாளர் உங்கள் பெயரைக் கேட்டு எழுதும்போது சும்மா இருக்காமல் உரிமத்தை எடுத்துக் காட்டி, எழுதியபின் சரிபாருங்கள். குடியுரிமை பெற்றபோது பெயரை மாற்றியிருந்தால் பழைய பெயரை 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் தவறாமல் சேருங்கள்.

கைரேகை மின்னணு முறையில். விண்ணப்பம் போட்டதும் ஐடென்டோகோ மையத்தில் நேரம் குறிக்கச் சொல்லி வழி காட்டும். பாத்திரம் கழுவிக் கழுவித் தேய்ந்த விரல், வயதானவர்களின் வறண்ட தோல் இரண்டிலும் கோடுகள் சரியாக விழாது, திருப்பி அனுப்பினால் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். முந்தைய சில நாள் இரவில் கைக்கு ஈரப்பதக் களிம்பு தடவுங்கள். போகும் அன்று எதுவும் தடவாமல் கழுவித் துடைத்த கையோடு போங்கள்.

வகுப்பு

சட்டம் கேட்பது 4 முதல் 6 மணி நேர வகுப்பு, அதோடு எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு. பாடம் நான்கு: ஆயுதச் சட்டமும் உயிர்பறிக்கும் பலத்தைப் பயன்படுத்தும் சட்டமும், துப்பாக்கியைக் கையாளும் பாதுகாப்பு, வன்முறையின்றித் தகராறு தீர்த்தல், குழந்தைகள் எட்டாதபடி சேமித்து வைத்தல். எழுத்துத் தேர்வில் 70 விழுக்காடு வேண்டும். கவனித்துக் கேட்டவர் தோற்பது அரிது.

வகுப்பை இணையத்திலும் முடிக்கலாம். அப்போதும் சுடும் தேர்வுக்கு அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரிடம் நேரில் போயாக வேண்டும். நேரில் ஒரே நாளில் முடித்தவருக்கு எல்.டி.சி.-100 என்ற சான்றிதழ், இணையத்தில் படித்துவிட்டு ரேஞ்சுக்கு மட்டும் வந்தவருக்கு எல்.டி.சி.-101. சான்றிதழ் 2 ஆண்டு செல்லும் என்பதால் வகுப்பை முதலில் முடிப்பதா, விண்ணப்பத்தை முதலில் போடுவதா என்பது உங்கள் வசதி. துப்பாக்கியே தொட்டுப் பார்க்காதவர்கள் தயவுசெய்து நேர் வகுப்புக்கே போங்கள், அதற்கு முன்னால் தொடக்கநிலைப் பயிற்சி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்.டி.சி. வகுப்பு சுடக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அல்ல. சுடத் தெரியுமா என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை.

50 தோட்டா

இலக்கு பி-27 என்ற தாள், ஆள் உருவம் அச்சிட்டது. நடுவில் எக்ஸ், 10, 9, 8 வளையங்களில் பட்டால் 5 புள்ளி. 7ஆம் வளையத்தில் 4. அதற்கு வெளியே, ஆனால் உருவத்துக்குள் பட்டால் 3. மொத்தம் 250, தேற 175.

3 கெஜத்தில், அதாவது 9 அடியில், 20 தோட்டா: ஒவ்வொன்றாக 5, ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி. பிறகு இரண்டிரண்டாக ஐந்து முறை, ஒவ்வொரு முறைக்கும் 3 விநாடி. கடைசி 5 தோட்டா 10 விநாடியில். 7 கெஜத்தில் இன்னொரு 20: 5 தோட்டா 10 விநாடியில், 2 தோட்டா 4 விநாடியிலும் 3 தோட்டா 6 விநாடியிலும், ஒவ்வொன்றாக 5 தோட்டா தலா 3 விநாடியில், கடைசியாக 5 தோட்டா 15 விநாடியில். 15 கெஜத்தில் 10: 2 தோட்டா 6 விநாடியில், 3 தோட்டா 9 விநாடியில், பிறகு 5 தோட்டா 15 விநாடியில். உறையிலிருந்து உருவிச் சுட வேண்டியதில்லை, கையில் தயார்நிலையில் பிடித்தபடி தொடங்கலாம்.

இந்தக் கணக்கைக் கவனியுங்கள். முதல் இரண்டு தூரத்திலும் 40 தோட்டாவும் 5 புள்ளி வளையத்தில் விழுந்தால் 200 ஆகிவிட்டது, 15 கெஜத்துக்குப் போகும் முன்னே தேறியாயிற்று. ஆனால் பயிற்சிக்கு வருபவர்கள் 45 அடியில் நின்று கஷ்டப்பட்டுவிட்டு, கிட்டத்தில் அவசரத்தில் புள்ளியைச் சிந்துகிறார்கள். பயிற்சித் தோட்டாவில் முக்கால் பங்கை 9 அடிக்கும் 21 அடிக்கும் ஒதுக்குங்கள். 2 விநாடி என்பது கேட்கச் சிறியதாக இருக்கும். 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள், தாராளமாக இருக்கிறது.

தோட்டாக்கள் நடுவுக்குக் கீழே கொத்தாக விழுகிறதென்றால், வெடிக்கப் போகிறது என்று உடம்பு முந்திக்கொண்டு துப்பாக்கியைக் கீழே அமுக்குகிறது. மருந்து ஒன்றுதான்: வீட்டில் வெறும் துப்பாக்கியால் விசையை இழுத்துப் பழகுவது. மேகசினை (தோட்டா அடைக்கும் கூடு) கழற்றி, துப்பாக்கிக்குள் தோட்டா அமரும் அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாவெல்லாம் வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பத்திரமான சுவரை நோக்கி. முனைக் குறி ஆடாமல் 'டிக்' என்று விசை விழும்வரை, நாளுக்குப் பத்து நிமிடம். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

பிடி தளர்ந்தால் அரைத் தானியங்கித் துப்பாக்கி வெற்றுக்கூட்டைச் சரியாக வெளியே தள்ளாமல் சிக்கிக்கொள்ளும். மணிக்கட்டு மடங்காமல் பிடிக்க வேண்டும். முக்கியக் கை பிடியின் பின்பக்கம் எவ்வளவு மேலே ஏறுமோ அவ்வளவு மேலே, துணைக் கை மிச்ச இடத்தை நிரப்ப, இரு கட்டை விரலும் முன்னோக்கி. கட்டை விரலை மேல்தகட்டுக்குப் பின்னால் வைத்தால் அது பின்னால் பாயும்போது தோலைக் கிழிக்கும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால் முனையை இலக்கின் பக்கமே 30 விநாடி வைத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. என்ன ஆனாலும் துப்பாக்கியோடு திரும்பிப் பயிற்சியாளரைப் பார்க்காதீர்கள், தேர்விலிருந்து அந்த நொடியே அனுப்பிவிடுவார்கள், அனுப்பத்தான் வேண்டும். கை நழுவிக் கீழே விழுந்தால் விழட்டும், எட்டிப் பிடிக்கப் போனால் விரல் விசையில்தான் போய் மாட்டும்.

கொண்டுபோக வேண்டியவை: 100 தோட்டா (50 மட்டும் எடுத்துப் போனால் ஒரு பழுதுத் தோட்டா உங்களைத் தடுத்துவிடும்), முடிந்தால் மூன்று மேகசின், கண்ணாடி, காதுக் கவசம். கழுத்தை ஒட்டிய சட்டை, மூடிய காலணி. சுடச்சுடத் தெறிக்கும் வெற்றுக்கூடு சட்டைக்குள் விழுந்தால் கையிலிருப்பதை மறந்து துள்ளுவார்கள், அதுதான் ஆபத்து. முதல்முறைக்காரருக்கு நடுத்தர அளவு 9 மி.மீ. பிஸ்டல் போதும். சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டித் துப்பாக்கி பார்க்க எளிது, சுடக் கடினம். முடித்ததும் சாப்பாட்டில் கைவைக்கும் முன் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், விரலெல்லாம் ஈயத்தூள் இருக்கும்.

சான்றிதழைப் பதிவேற்றி, கைரேகை சேர்ந்து, விண்ணப்பம் முழுமையானபின் முடிவு சொல்ல டி.பி.எஸ்.ஸுக்குச் சட்டம் கொடுத்திருப்பது 60 நாள். விண்ணப்பத்தில் ஏதாவது குறை என்று கடிதம் வந்தால் அந்த நாள்கணக்கு ஓடாது, உடனே பதில் அனுப்புங்கள். நிராகரித்தால் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் விசாரணை கேட்கலாம், உள்ளூர் ஜஸ்டிஸ் நீதிமன்றத்தில் நடக்கும்.

உறை

விசைக்காப்பு முழுவதையும் கெட்டியாக மூடும் உறை வேண்டும். அழுத்தினால் உள்ளே போகாத, கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் போன்ற பொருள், குறிப்பிட்ட மாடலுக்கென்றே வார்த்தது. மலிவான துணி உறை நாளடைவில் மடிந்து விசைக்குள் போகும். திரும்பச் செருகும்போதுதான் சட்டை நுனியும் உறைக் கயிறும் விசையில் மாட்டித் தொடையில் சுட்டுக்கொள்கிறார்கள். எனவே உருவுவதில் வேகம் இருக்கட்டும், செருகும்போது கண்ணால் பார்த்து மெதுவாக. கைப்பையில் வைப்பதானால் அதற்கென்றே தனி அறையுள்ள பையில், உறையோடு. குழந்தை பேனா தேடித் துழாவும் பையில் வேண்டவே வேண்டாம்.

கொண்டுபோகக் கூடாத இடங்கள்

அட்டை வந்தபின் ஆட்கள் மாட்டுவது இங்கேதான். பள்ளிக் கட்டடம், நீதிமன்றம், வாக்குச் சாவடி (முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்களும் சேர்த்து), சிறை, விமான நிலையத்தின் சோதனை தாண்டிய பகுதி, மருத்துவமனை, விளையாட்டுப் போட்டி அரங்கு, குதிரைப் பந்தயத் திடல், அரசுக் கூட்டம் நடக்கும் அறை. வருமானத்தில் 51 விழுக்காடோ அதற்கு மேலோ அங்கேயே குடிக்க விற்கும் மதுவால் வரும் கடையின் வாசலில் சிவப்பில் '51%' என்ற பலகை இருக்கும், அங்கேயும் உரிமம் செல்லாது.

பள்ளிக் கட்டடம் என்பதை நம்மவர்கள் சரியாக வாங்கிக்கொள்ள வேண்டும். பொங்கல் விழா, ஆண்டுவிழா, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி எல்லாம் வாடகைக்கு எடுத்த உயர்நிலைப் பள்ளி அரங்கில் நடக்கும். 'இன்று பள்ளி விடுமுறை, நடத்துவது சங்கம்' என்ற வாதம் எடுபடாது, கட்டடம் பள்ளியுடையது. இது மூன்றாம் நிலைப் பெருங்குற்றம், 2 முதல் 10 ஆண்டு. உரிமதாரர் காரில் கண்ணுக்குத் தெரியாமல் பூட்டி வைத்துவிட்டு உள்ளே போகலாம். அதையும் வீட்டிலேயே பெட்டியில் வைத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது, கார்க் கண்ணாடியை உடைத்துத் திருடுபவர்கள் தேடுவதே அதைத்தான்.

தனியார் கடைகளின் வாசல் பலகையில் உள்ள சட்டப் பிரிவு எண்களைப் படியுங்கள். 30.05 உரிமமில்லாதவரைத் தடுக்கும் பலகை, அட்டை இருப்பவருக்குச் சட்டத்தில் தற்காப்பு உண்டு. 30.06 மறைத்துக் கொண்டுவரும் உரிமதாரரையே தடுக்கும். 30.07 வெளியே தெரியும்படி கொண்டுவருபவரை. சட்டம் சொன்ன வாசகம், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், குறைந்தது ஓர் அங்குல எழுத்தில், பளிச்சென்ற நிறத்தில் இருக்க வேண்டும். துப்பாக்கிப் படத்தின் மேல் கோடு போட்ட சின்ன ஒட்டி 30.06 ஆகாது. ஆனால் உரிமையாளர் வாயால் 'வெளியே போங்கள்' என்றால் அதுவே அறிவிப்பு, வாதாடாமல் போய்விடுங்கள். பலகையைத் தாண்டினால் 200 டாலர் வரை அபராதம், வாயால் சொல்லியும் போகாவிட்டால் ஏ வகைக் குற்றம், அட்டையும் போகும். கோயிலிலும் இதே விதிதான்: நிர்வாகம் பலகை வைத்தாலோ நேரில் சொன்னாலோ செல்லாது, இல்லையென்றால் சட்டத் தடை இல்லை. கருவறை முன் நிற்கும்போது இடுப்பில் என்ன இருக்க வேண்டும் என்பது சட்டம் சொல்லாத கேள்வி, எங்கள் கருத்தில் வீட்டிலேயே இருக்கட்டும்.

குடித்துப் போதையில் இருந்தால் பொது இடத்தில் கொண்டுபோகக் கூடாது. விருந்துக்குப் போகும் அன்று துப்பாக்கியை எடுக்காதீர்கள், அல்லது குடிக்காதீர்கள்.

ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊர்ப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அதன் மடிப்பில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால் 1959ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டத்தில் வழக்கு. டெக்சஸ் அட்டை அங்கே வெறும் பிளாஸ்டிக். உள்நாட்டுப் பயணத்தில் கொண்டுபோவதானால் தோட்டா நீக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில், விமான நிறுவனக் கவுன்ட்டரில் அறிவித்து, சரக்குப் பெட்டியாக மட்டும். சேரும் மாநிலத்தின் சட்டத்தையும் பாருங்கள். கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய் டெக்சஸ் அட்டையை ஏற்காது. 2022இல் உச்ச நீதிமன்றத்தின் ப்ரூயென் தீர்ப்பு 'தனிக் காரணம் காட்டு' என்ற நியூயார்க் விதியை நீக்கியது, அட்டைகளைப் பரஸ்பரம் ஏற்கச் சொல்லவில்லை. அங்கே குடியேறுபவர் அந்த மாநில உரிமத்துக்குப் புதிதாகப் போக வேண்டும், கலிபோர்னியாவில் புதியவருக்கான வகுப்பே 16 மணி நேரம்.

போலீஸ் நிறுத்தினால்

ஆயுதத்தோடு இருக்கும்போது காவலர் அடையாளம் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தோடு எல்.டி.சி.யையும் காட்ட வேண்டும் என்பது சட்டம். இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள், கண்ணாடியை இறக்குங்கள், இரு கையும் ஸ்டியரிங்கின் மேல். 'என்னிடம் உரிமம் இருக்கிறது, துப்பாக்கி வலது இடுப்பில் இருக்கிறது, எப்படிச் செய்யச் சொல்கிறீர்கள்?' என்று கையை அசைக்காமல் சொல்லுங்கள். பர்ஸும் துப்பாக்கியும் ஒரே பக்கம் இருக்கக் கூடாது. காரின் ஆவணங்களைத் துப்பாக்கி இருக்கும் கார்ப் பெட்டியிலேயே வைக்காதீர்கள்.

வீட்டில்

17 வயதுக்குட்பட்ட பிள்ளை எடுத்துவிடக்கூடிய இடத்தில், தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, பிள்ளை அதை எட்டினாலே குற்றம். அது வெடித்து யாருக்காவது படுகாயமோ மரணமோ என்றால் ஏ வகை. அலமாரியின் மேல்தட்டு மறைவிடம் அல்ல, பிள்ளைகளுக்கு நாற்காலி போடத் தெரியும். படுக்கையருகே சுவரிலோ கட்டிலிலோ திருகாணியால் பிணைத்த, எண் அழுத்தித் திறக்கும் சிறு பெட்டி வாங்குங்கள். பேட்டரி மாற்றும் நாளை நாள்காட்டியில் குறியுங்கள். பிறந்தநாளையோ வீட்டு எண்ணையோ கடவெண்ணாக வைக்காதீர்கள். இடுப்பில் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் அது அந்தப் பெட்டியில்.

வீடு மாறினால் 30 நாளுக்குள் டி.பி.எஸ்.ஸுக்குப் புது முகவரி சொல்ல வேண்டும். ஏ, பி வகைக் குற்றமோ பெருங்குற்றமோ சாட்டப்பட்டால் தீர்ப்புக்கு முன்பே உரிமத்தை நிறுத்திவைப்பார்கள். முதல் அட்டை, கொடுத்து நான்கு ஆண்டு முடிந்தபின் வரும் உங்கள் பிறந்தநாளன்று காலாவதியாகும். அடுத்தவை 5 ஆண்டு. புதுப்பிக்க வகுப்பும் சுடும் தேர்வும் கிடையாது, இணையத்தில் 40 டாலர் கட்டினால் முடிந்தது. காலாவதியான மறுநாள் காலை பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போது அந்த 1000 அடிச் சட்டம் உங்கள் மேல் திரும்ப நிற்கும், எனவே பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பித்துவிடுங்கள்.